அறுந்ததா, முறிந்ததா?

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று உங்கள் முதலாளி கேட்டார். நாற்பது வருடம் சாதாரண சைக்கிள் திருத்திவிட்டு வீட்டில் இருக்கிற நான், மின்சார சைக்கிள் திருத்துகிற உங்களுக்கு என்ன சொல்ல? பற்றறியும் வயரும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவற்றைத் தொட எனக்கு இப்போதும் கை கூசும். ஆனால் சில்லு எனக்குத் தெரியும், சக்கரம் சுற்றுகிற விதம் தெரியும். சில்லு எனக்குத் தெரியும் என்ற நினைப்பில் நான் விட்ட பிழையும் தெரியும். அதைத்தான் எழுதப்போகிறேன். சொல்ல வெட்கமான விஷயம்தான். ஆனால் முடிவில் ஒரு நிம்மதி இருக்கிறது, அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

என் கடை அச்சுவேலிச் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே இருந்தது. ஊரில் என்னை "காதாலை சில்லுக் கட்டுற ஆள்" என்பார்கள். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன், ஏழு வயதிலிருந்து வேதக்கோயில் பாடகர் குழுவில் நிற்கிறவன். சில்லில் கம்பி பூட்டிவிட்டு ஒவ்வொன்றையும் நகத்தால் தட்டிக் கேட்பேன். எனக்குப் பழக்கமான அந்த ஒரு சுருதி வரும்வரை, கம்பியை இறுக்குகிற சின்னத் திருகான நிப்பிளைத் திருப்புவேன். முப்பத்தாறு கம்பியும் ஒரே சுருதியில் நின்றால் சில்லு சரி. கருவி கிருவி எதுவும் கிடையாது. வாடிக்கையாளர் பார்த்துக்கொண்டு நின்றால் கொஞ்சம் கூடுதலாகவே தலையைச் சாய்த்துக் கேட்பேன். பெருமை யாரைத்தான் விட்டது?

எனக்குத் தொழில் பழக்கியவர் அதிகம் பேசமாட்டார். கம்பி போன சில்லை யாராவது கொண்டுவந்தால், "அறுந்ததே? மொத்தத்தைப் போடு" என்பார். மொத்தம் என்றால் தடித்த கம்பி. அவ்வளவுதான் அவர் பாடம். சண்டைக்காலத்தில் பெற்றோல் இல்லை. விறகு, நெல் மூட்டை, சில நேரம் காய்ச்சல்காரர் கூட சைக்கிள் கரியரில்தான் போனார்கள். அந்தச் சைக்கிள்களின் வெளிவளையம், றிம், கனமான இரும்பு. மொத்தக் கம்பி போட்டால் தாங்கியது. அவர் சொன்னது அந்தச் சைக்கிளுக்குச் சரி. அதை நான் எல்லாச் சைக்கிளுக்கும் சரி என்று எடுத்துக்கொண்டேன். அது அவருடைய பிழை இல்லை.

பெற்றோலுக்கு வரிசையில் நின்று நின்று ஊரே களைத்துப் போனதற்குப் பிறகுதான் மின்சார சைக்கிள்கள் எங்கள் பக்கம் வரத் தொடங்கின. அப்படி வந்தவர்களில் ஒருத்தி கலாவதி. தொண்டைமானாற்றுக்காரி, பரம்பரையாகக் கடலோடு வாழ்ந்த குடும்பம். விடியப் படகு வந்ததும் மீன் எடுத்து, ஐஸ் போட்ட பெட்டியைக் கரியரில் கட்டிக்கொண்டு, வீதி வீதியாக விற்பாள். அவளுடைய சைக்கிளில் மோட்டர் பின்சில்லின் நடுவிலேயே இருந்தது, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவில்.

முதல்முறை வந்தபோது ஒரு கம்பி போயிருந்தது. புதிதாக ஒன்று போட்டு, தட்டிக் கேட்டு அனுப்பினேன். மூன்று கிழமையில் இரண்டு கம்பி போன சில்லோடு வந்தாள். அப்போது நான் அவளை ஏசினேன்.

"பிள்ளை, நீர் பாரம் கூட ஏத்திறீர். உது மீன் பெட்டியோ, இல்லை சுறாவை முழுசாய் ஏத்திக்கொண்டு திரியிறீரோ?"

"அண்ணை, பழைய சைக்கிளிலையும் இதே பெட்டிதான் கட்டினனான். அதிலை ஒண்டும் போகேல்லையே?"

இந்தக் கேள்வியில் அன்றைக்கே நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. பழையவர் சொன்னது ஞாபகம் வந்தது. முப்பத்தாறு கம்பியையும் கழற்றி எறிந்துவிட்டு, மொத்தக் கம்பியை அளவுக்கு வெட்டி மரை போட்டு முழுச் சில்லையும் புதிதாகக் கட்டினேன். ஒவ்வொன்றையும் தட்டினேன். எனக்குப் பழக்கமான சுருதி வடிவாக வந்தது. கையால் பிடித்துப் பார்த்தேன், விறைப்பாக இருந்தது. "இனி உது அறாது. என்ரை பேரிலை எழுதி வையும்" என்றேன்.

ஒன்றரை மாதம் ஆள் வரவில்லை. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்து நின்றாள். அதே சில்லில் மொத்தக் கம்பி இரண்டு போயிருந்தது. எனக்கு வந்த கோபம் கம்பியில் பாதி, அவளில் பாதி. போன கம்பிகளைக் கழற்றித் தகரப் பேணிக்குள் எறிந்தேன். அவள் குனிந்து ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணை, இது அறுந்ததில்லை."

"பின்னை?"

"முறிஞ்சது."

"எல்லாம் ஒண்டுதானே பிள்ளை."

"ஒண்டில்லையண்ணை. கயிறு அறும், துடுப்பு முறியும். இழுபட்டு அறுந்ததெண்டால் நுனி மெலிஞ்செல்லோ இருக்கும்? இது மொட்டையாய் இருக்கு. ஆடி ஆடி முறிஞ்சிருக்கு."

எங்கள் கடைகளில் எல்லாரும் "கம்பி அறுந்துபோச்சு" என்றுதான் சொல்வார்கள், இன்றைக்கும் அப்படித்தான். மீன் விற்கிறவள் எனக்குச் சில்லுக் கம்பி படிப்பிக்கிறாளே என்று எரிச்சலாக இருந்தது. இரண்டு கம்பியையும் போட்டேன், தட்டினேன், கேட்டேன். போகும்போது அவள் தயங்கி நின்றாள்.

"நாளைக்கு மகளுக்குச் சோதினை அண்ணை. யாழ்ப்பாணம் போகவேணும். வயசு எல்லை முடியுது, அவளுக்கு இதுதான் கடைசித் தரம். ஞாயிற்றுக்கிழமையிலை பஸ்சை நம்பேலாது. இதிலைதான் ஏத்திக்கொண்டு போவம் எண்டு இருக்கிறன். இல்லை, ஆட்டோவுக்குச் சொல்லட்டோ?"

அவளுடைய மகள் சுகன்யா அரசாங்க வேலைக்கான போட்டிப் பரீட்சையை ஏற்கெனவே இரண்டு தரம் எழுதியவள். இரண்டிலும் கொஞ்சத்தில் தவறியது எனக்கும் தெரியும். அது தெரிந்தும் நான் சொன்னேன்:

"ஆட்டோ என்னத்துக்கு? நான் கட்டின சில்லு. பயப்பிடாமல் போங்கோ."

பிள்ளைகளே, இந்த வசனத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் சில்லைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. என்னைப் பற்றி மட்டும்தான் இருக்கிறது.

மறுநாள் காலை நானும் மனைவியும் மோட்டார் சைக்கிளில் ஆராதனைக்குப் போனோம். இரண்டாவது பாட்டுக்கு வயலின் வாசித்தவர் என் எதிரில் நின்றார். அவர் எத்தனையோ வருடமாக அதே இடத்தில் நின்று வாசிக்கிறவர், நான் எத்தனையோ வருடமாக அதே இடத்தில் நின்று பார்க்கிறவன். அன்றைக்கு என் மனம் பாட்டில் இல்லை. கலாவதி சொன்ன அந்தச் சொல் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. முறிஞ்சது. ஆடி ஆடி முறிஞ்சது. கம்பி ஆடுவதென்றால் அது தளர்ந்து இருக்கவேண்டுமே? நான்தான் இறுக்கினேனே, சுருதி சரியாக வந்ததே?

என் கண் அவருடைய இடது கை விரலில் நின்றது. அவர் தந்தியை விரலால் அழுத்துகிறார், சுருதி மேலே போகிறது. விரலை இன்னும் கீழே நகர்த்தி அழுத்துகிறார், இன்னும் மேலே போகிறது. தந்தியை யாரும் முறுக்கவில்லை. அது கட்டையாகிறது, நீளம் குறைகிறது, அவ்வளவுதான். கட்டையான தந்தி இறுக்காமலே மேல் சுருதி பேசும்.

பாடுவதை நிறுத்திவிட்டேன். மோட்டர் உள்ள சில்லில் நடுப்பகுதி பெரிது. அதனால் கம்பி கட்டை. என் காதுக்குப் பழக்கமானது நீளக் கம்பியின் சுருதி. கட்டைக் கம்பியில் அதே சுருதி வந்தால் அது இறுகிய கம்பி இல்லை, தளர்ந்த கம்பி. இப்படி ஒவ்வொரு தரமும் நானே தளர்வாகக் கட்டி அனுப்பியிருக்கிறேன். சில்லு சுற்றும்போது கீழே வருகிற கம்பியின் இறுக்கம் குறையும், மேலே போனதும் திரும்ப இறுகும். இறுக்கமாகக் கட்டிய சில்லில் அது ஒன்றும் செய்யாது. தளர்ந்த சில்லில் ஒவ்வொரு சுற்றிலும் கம்பி சோர்ந்து ஆடும், ஆடி ஆடி, கொளுவியிருக்கிற வளைவில் முறியும். மொத்தக் கம்பி இன்னும் மோசம். மெல்லிய கம்பி இழுத்துக் கட்டினால் கொஞ்சம் நீண்டு கொடுத்து, பிடியை விடாமல் நிற்கும். மொத்தக் கம்பி நீளாது, அதனால் சட்டென்று சோர்ந்துவிடும். மருந்தென்று நினைத்து நான் நோயைக் கூட்டியிருக்கிறேன். விறைப்பாக இருக்கிறதென்று கை சொன்னதும் பொய். கட்டையான மொத்தக் கம்பி தளர்ந்திருந்தாலும் கைக்கு விறைப்பாகத்தான் இருக்கும்.

அந்தச் சில்லில்தான் அந்த நேரம் தாயும் மகளும் யாழ்ப்பாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், மண் லொறிகள் ஓடுகிற பெருவீதியில்.

பாட்டு முடியவில்லை. நான் வரிசையை விட்டு வெளியே வந்தேன். மனைவி என் சட்டையைப் பிடித்து, "இஞ்சாருங்கோ, என்ன செய்யுது?" என்றாள். "சில்லு" என்று மட்டும் சொன்னேன். வெளியே நின்று கலாவதிக்கு அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை. சைக்கிள் ஓடுகிறவள் எப்படி எடுப்பாள்? மோட்டார் சைக்கிளை எடுத்தேன். மனைவியின் ஹெல்மெற் பின்னால் தொங்கியபடியே வந்தது.

புத்தூர் தாண்டும்வரை போகிற வருகிற எல்லாச் சைக்கிளையும் பார்த்தேன். வீதியோரத்தில் எங்கே நாலு பேர் கூடி நின்றாலும் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில் கூடி நின்றவர்கள் பஸ்ஸுக்குத்தான் நின்றார்கள். நான் அன்றைக்கு ஜெபித்ததுபோல் கோயிலுக்குள் ஒருநாளும் ஜெபித்ததில்லை.

நீர்வேலியில் வாழைத்தோட்டம் ஒன்றின் வேலியோரம் சைக்கிள் நின்றது. பக்கத்தில் கலாவதி, அவளுக்குப் பக்கத்தில் சுகன்யா. இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். நான் அதைத்தான் முதலில் பார்த்தேன். இரண்டு பேரும் தங்கள் காலில் நின்றுகொண்டிருந்தார்கள். மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டி இறங்கினேன்.

"டிக் டிக் எண்டு சத்தம் கேட்டுது அண்ணை. உடனை நிப்பாட்டிப்போட்டன்" என்றாள் கலாவதி. "மூண்டு கம்பி. சில்லு நெளிஞ்சு போய்ப் பின் பாரிலை உரசுது. அரை மணித்தியாலமாய் ஒரு ஆட்டோவும் இல்லை. நீங்கள் என்னெண்டு இஞ்சை?"

நான் குனிந்து சில்லைச் சுற்றிப் பார்த்தேன். அப்போது என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. நிப்பிள் சாவி எப்போதும் அங்கேதான் இருக்கும், கோயிலுக்குப் போனாலும். பக்கத்துக் கம்பிகளைக் கொஞ்சம் இறுக்கி, எதிர்ப்பக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் உரசல் நிற்கும். பத்து நிமிட வேலை. "ஒண்டுமில்லைப் பிள்ளை, இப்ப சரி" என்று சொல்லி அனுப்பலாம். அநேகமாகப் போய்ச் சேர்ந்தும் இருப்பார்கள். என் பெயரும் தப்பியிருக்கும். இவ்வளவும் ஒரு கணத்தில் என் மனதில் ஓடியது என்பதை உங்களுக்கு மறைக்கமாட்டேன்.

சுகன்யா பரீட்சை அனுமதி அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மாமா, உது சோதினை மண்டபம் வரைக்கும் போகுமோ?"

"தெரியாது பிள்ளை" என்றேன்.

நாற்பது வருடத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் நான் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல்தரம். சொன்ன பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது. தெரியாத சில்லில் ஆளை ஏற்ற முடியாது. சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டேன்.

"நீர் என்ரை மோட்டார் சைக்கிளிலை ஏறும். அம்மா இஞ்சை நிக்கட்டும். கெதியாய்."

மனைவியின் ஹெல்மெற் அவளுக்குக் கொஞ்சம் பெரிது. அதில் பூப்போட்ட ஒட்டுப் படம் வேறு. நேரம் பிந்திவிட்டதே என்ற பதற்றத்திலும் அவள் ஒருதரம் சிரித்தாள். கோப்பாய், இருபாலை எல்லாம் எப்படிக் கடந்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. மண்டப வாசலில் காவலாளி படலையை அரைவாசி சாத்தியிருந்தார். "பொறுங்கோ, பொறுங்கோ" என்று நான் வீதியிலிருந்தே கத்தினேன். அந்த மனிதர் கையை நீட்டிப் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுகன்யா ஹெல்மெற்றோடேயே உள்ளே ஓடி, பாதி வழியில் ஞாபகம் வந்து, திரும்பி ஓடிவந்து அதை என் கையில் தந்துவிட்டுப் போனாள். படலை சாத்தப்பட்டது. நான் அந்த மதிலோடு சாய்ந்து நின்று, ஒரு சோடா குடித்துவிட்டுத்தான் திரும்பினேன்.

கலாவதி அதே வேலியோரத்தில் நின்றாள். என்னைக் கண்டதும் இரண்டு அடி முன்னே வந்தாள்.

"போயிட்டாளோ அண்ணை?"

"போயிட்டாள். நேரத்துக்குப் போயிட்டாள்."

அவள் அப்படியே நிலத்தில் குந்திக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எனக்கும் கண் கலங்கியது. நான் அவளுக்கு எதிரில் குந்திக்கொண்டு சொன்னேன்.

"பிள்ளை, பிழை என்ரை. உம்மடை பாரமும் இல்லை, றோட்டும் இல்லை. நான்தான் தளரக் கட்டிப்போட்டன். நீர் நேற்றுச் சொன்னது சரி. அறுந்ததில்லை, முறிஞ்சதுதான்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஏசப்போகிறாள் என்று நினைத்தேன். ஏசினாலும் கேட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

"அப்ப இனி, சுறாவை ஏத்திறாய் எண்டு பகிடி பண்ணமாட்டியள்?"

"மாட்டன்."

"சரி. அப்ப இதை வடிவாய்க் கட்டித் தாங்கோ. எனக்கு நாளைக்கு வியாபாரம்."

அன்று மத்தியானமே சைக்கிளைக் கடைக்குக் கொண்டுவந்து சில்லைக் கழற்றினேன். சாதாரண மெல்லிய கம்பியை எடுத்தேன், கட்டைக் கம்பிக்கு ஏற்ற மாதிரி, ஒன்றையொன்று குறுக்கிடுகிற தடவையைக் குறைத்துப் போட்டேன். இறுக்கம் பார்க்க என் காதை நம்பவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு கடைக்காரரிடம் இழுவை அளக்கிற கருவி இருந்தது. அதை இரவல் கேட்டபோது, "காதுக்கு என்ன நடந்தது, குளிரோ?" என்று அவர் பகிடி பண்ணினார். "ஓம், பெருங்குளிர்" என்று சொல்லி வாங்கிவந்தேன். நான் போதும் என்று நினைத்த இடத்தில் அந்த முள் பாதிக்குக்கூட வந்திருக்கவில்லை. மேலும் மேலும் திருப்பினேன். கம்பி பேசிய சுருதி என் காதுக்கு அந்நியமாக, கூச்சலாக இருந்தது. அதுதான் சரியான சுருதி.

நான் காதால் கட்டிக்கொடுத்த மோட்டர்ச் சில்லு ஊரில் இன்னும் பதினொன்று ஓடிக்கொண்டிருந்தது. பதினொரு பேருக்கும் அழைத்து, கொண்டுவாருங்கள், பிழை என்னுடையது என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள், ஒருவர் நன்றாக ஏசினார். ஆனால் பதினொன்றும் வந்தன. கடைசிச் சில்லைக் கட்டி அனுப்பிய அன்றைக்கு எனக்குக் கிடைத்த நித்திரையை நான் மறக்கமாட்டேன். மனைவி மட்டும் இன்றைக்கும் விடவில்லை. யாராவது கேட்டால், "பாட்டு முடியுமட்டும் பொறுக்கேலாமல் என்னைக் கோயிலிலை விட்டிட்டு இன்னொருத்தியைப் பின்னாலை ஏத்திக்கொண்டு போன மனுசன்" என்று சொல்வாள்.

சுகன்யா அந்தத் தரம் தேறினாள். இப்போது ஒரு பிரதேச அலுவலகத்தில் வேலை. அதில் எனக்குப் பங்கு எதுவும் இல்லை. அவளுக்குக் கிடைக்கவேண்டியதை நான் கெடுக்காமல் விட்டேன், அவ்வளவுதான். எங்கள் தொழிலில் பல நாட்கள் அதுவே போதும்.

நீங்கள் நல்ல கருவியோடு வேலை தொடங்குகிறீர்கள். காதை நம்பவேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று இருக்கும், உங்களைப் பற்றி ஊர் மெச்சிச் சொல்கிற ஒன்று. பழக்கமில்லாத சில்லு வரும்போது முதலில் சந்தேகிக்கவேண்டியது அதைத்தான். கம்பி போய் யாராவது வந்தால், அதைப் பேணிக்குள் எறிவதற்கு முதல் நுனியைப் பாருங்கள். கொண்டுவந்த ஆள் அதைப் பற்றி என்ன சொல்கிறார் என்று கேளுங்கள், அவர் மீன் விற்கிறவராக இருந்தாலும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கலாவதி ஒவ்வொரு நாளும் என் கடையைக் கடந்து போனாள். மணியை ஒருதரம் அடிப்பாள், நிற்கமாட்டாள். ஒரு மாதம், இரண்டு மாதம், ஐந்து மாதம். அவள் நிற்காமல் போகிற ஒவ்வொரு நாளும் எனக்கு நல்ல நாள். பிறகு ஒருநாள், மீன் பெட்டியோடு, என் வாசலில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். நான் கையில் சாவியோடேயே வாசலுக்கு ஓடினேன்.

"என்ன பிள்ளை, அறுந்துபோச்சோ?"

"இல்லை."

"முறிஞ்சுபோச்சோ?"

"இல்லையண்ணை" என்று சிரித்தாள் அவள். "காத்துப் போச்சு."

ஒரு சின்ன முள். ரியூப்பில் ஒரு ஒட்டு. பிள்ளைகளே, நாற்பது வருடத்தில் நான் எத்தனையோ ஆயிரம் ரியூப் ஒட்டியிருக்கிறேன். அவ்வளவு சந்தோஷமாக ஒட்டியது அதை மட்டும்தான்.